சிறுமியின் கையில் கத்தரிக்கோல்

1969 அக்டோபர். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விளம்பர நிறுவன அலுவலகம். ஜெராக்ஸ் இயந்திரத்தில் நகலெடுக்கிறான் 13 வயது ராபர்ட். தாள்களில் இருக்கும் 'அதி ரகசியம்' முத்திரையைக் கத்தரித்துப் போடுகிறாள் 10 வயதுத் தங்கை மேரி. இந்த வேலைக்குப் பிள்ளைகளை அழைத்து வந்தவர் அவர்களின் அப்பா டேனியல் எல்ஸ்பெர்க். அவர் சிறைக்குப் போனாலும் போகலாம். அதற்குமுன், தான் செய்தது பைத்தியக்காரத்தனமல்ல என்று பிள்ளைகள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என விரும்பினார்.

ஜூடித் எர்லிக்கும் ரிக் கோல்ட்ஸ்மித்தும் இவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் மேன் இன் அமெரிக்கா'. 2009-இல் வெளிவந்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. எல்ஸ்பெர்க்கை அப்படி 'மிக ஆபத்தான மனிதர்' என்று வர்ணித்தவர் அன்றைய அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர்.

படத்தை உயர்த்துவது அதன் நேர்மை. கதை சொல்பவர் எல்ஸ்பெர்க்தான். ஆனால் தன்னை உத்தமராகக் காட்டிக்கொள்ளவில்லை. 1964 ஆகஸ்ட் 4, அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் அவருக்கு முதல் முழுநாள் வேலை. வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகத் தந்திகள் குவிந்தன. சில மணி நேரத்தில் கப்பலிலிருந்தே சந்தேகம் வந்தது. ஆனாலும் அதிபர் ஜான்சன் தாக்குதல் நடந்ததாகவே நாட்டுக்கு அறிவித்து, குண்டுவீச உத்தரவிட்டார். உண்மை தெரிந்தும் எல்ஸ்பெர்க் வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு, வடக்கு வியட்நாம் மீதான குண்டுவீச்சை நியாயப்படுத்தும் தகவல்களை இரவோடிரவாகத் திரட்டிக் கொடுத்தவரும் அவரே. இந்தக் குற்ற உணர்வைத் தள்ளிவிட்டு அவருடைய துணிச்சலை மட்டும் பேசுவது பாதிக் கதைதான்.

அவரைத் திருப்பியவர் ஓர் இளைஞர். போருக்குப் போக மறுத்துச் சிறை செல்லத் தயாராக நின்ற ராண்டி கெஹ்லர், 1969 ஆகஸ்டில் ஹேவர்ஃபோர்ட் கல்லூரியில் அதைப் பெருமையோடு சொன்னார். கேட்ட எல்ஸ்பெர்க் கழிவறைத் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அழுதார். சில வாரங்களில் நகலெடுப்பு தொடங்கியது. 47 தொகுதிகள், சுமார் 7,000 பக்கங்கள். நான்கு அதிபர்கள் வியட்நாம் போரைப் பற்றி மக்களிடம் மறைத்தவை அந்த ரகசிய ஆவணங்களில் இருந்தன.

எல்ஸ்பெர்க் மூலம் கிடைத்த அவற்றை 1971 ஜூன் 13 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிடத் தொடங்கியது. அரசு தடை வாங்கியது. உச்ச நீதிமன்றம் 6-3 என அதை நீக்கியது. ஆவணங்களைக் கசியவிட்டதற்காக எல்ஸ்பெர்க் மீது தொடுத்த வழக்கிலோ 115 ஆண்டுகள் வரை சிறை விதிக்க இடமிருந்தது. அவரைக் கேவலப்படுத்த ஏதாவது கிடைக்குமா என்று அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தையே வெள்ளை மாளிகை ஆட்கள் உடைத்துத் தேடினார்கள். அது அம்பலமானதும் 1973 மே 11-இல் வழக்கு தள்ளுபடியானது.

2023-இல் 92 வயதில் இறக்கும்வரை அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது: 1964-இல் கையிலிருந்த ஆவணங்களை அப்போதே வெளியிட்டிருக்க வேண்டும் என்று.