மணிவிழாவுக்கு முந்திய இருட்டு

அப்பாவின் மணிவிழா ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தில் போட வேண்டிய காணொளி என் கணினியில் அரைகுறையாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை இரவு அந்தக் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி வேறொன்றை மாட்டினேன். யாராவது இந்த நேரத்தில் இதைச் செய்வார்களா என்று நீங்கள் கேட்க வேண்டாம். மனைவி கேட்டுவிட்டார்.

பழையது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060, 2016-இல் வெளிவந்த ரகம். பல ஆண்டுத் தூசியில் உழைத்த அதன் காற்றாடி, மாவு மில் போலச் சத்தமிடத் தொடங்கியிருந்தது. லோயாட் பிளாசாவில் 550 ரிங்கிட்டுக்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 ஒன்று, கைமாறியதுதான், கிடைத்தது. பழைய கார்டுக்கு 6 முனை மின் இணைப்பு போதும். இதற்கு 8 முனை வேண்டும். என் பவர் சப்ளையில் அந்தக் கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுத்தேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

என் கணினியில் ஓடுவது லினக்ஸ் மிண்ட். லினக்ஸில் என்விடியா கார்டு முழு வேகத்தில் ஓட, அந்நிறுவனத்தின் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். ஏஎம்டிக்கான டிரைவரோ லினக்ஸின் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. மீதியை மீசா என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது, அதுவும் மிண்டோடு சேர்ந்தே வருகிறது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், என்விடியா ஒத்துழைப்பதில்லை என்று 2012-இல் ஃபின்லாந்தில் ஒரு மேடையில் கேமராவைப் பார்த்தே திட்டினார். 2022-இல் அந்நிறுவனம் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்துவிட்டது. என் 1060 அந்தப் பட்டியலில் சேராத பழசு.

ஆக, பழைய டிரைவரை நீக்கு, கார்டை மாற்று, வேலை முடிந்தது என்று நினைத்தேன். நீக்கினேன். மாற்றினேன். சுவிட்சைப் போட்டதும் மிண்டின் சின்னம் வந்தது. பிறகு கருந்திரை. மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

கோப்பியோடு வந்த அம்மா எட்டிப் பார்த்தார். "ஐயோ, படமெல்லாம் போச்சாடா?"

போகவில்லை. படங்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். கார்டு வெறும் காட்டுகிற கண்ணாடி. அம்மாவுக்கு அதைத் தைரியமாகச் சொன்னேனே தவிர, எனக்கும் கை வியர்த்தது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். எழுத்துகள் மட்டும் உள்ள திரை வந்து பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. அப்பாடா, கணினி உயிரோடுதான் இருக்கிறது!

தவறு என்னுடையது. இரண்டு திரைகளை இணைப்பதற்காக எப்போதோ நானே எக்ஸ்ஆர்க்.கான்ஃப் என்ற கோப்பை உருவாக்கியிருந்தேன். 'என்விடியா டிரைவரைப் பயன்படுத்து' என்று அதில் ஒரு வரி. டிரைவரை நீக்கினாலும் அந்தக் கோப்பு அப்படியே இருந்தது. இல்லாத டிரைவரைத் தேடித்தான் திரை இருண்டது. கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி தொடக்கினேன். மேசைத் திரை பளிச்சென்று வந்தது. நான்கு மணி நேரத் தவிப்புக்கு அரை நிமிட வைத்தியம்.

இன்னொரு சிக்கல் சனிக்கிழமை காத்திருந்தது. கேடென்லைவில் காணொளியை ஏற்றுமதி செய்ய நான் வைத்திருந்த அமைப்பு, என்விடியாவுக்கே உரிய என்வென்க்கை நம்பியது. அதை விஏஏபிஐக்கு மாற்றிய பிறகே காணொளி வெளியே வந்தது. உங்கள் வேலை கூடாவை நம்பிய மென்பொருளில் என்றால், கார்டு மாற்றுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். அது என்விடியாவில் மட்டும் ஓடுவது. எனக்குக் காணொளி வெட்டுவது மட்டும்தான் என்பதால் தப்பித்தேன்.

ஞாயிறு மாலை மண்டபத்தில் விளக்கணைத்தார்கள். திரை ஒரு நொடி கறுப்பாக இருந்தபோது அம்மா என் கையைப் பிடித்தார். பிறகு, தோட்டத்து லயத்து வாசலில் அரைக்கால் சட்டையோடு நிற்கும் அப்பா வந்தார்.