ஆவாரையும் பட்டாம்பூச்சியும்

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் முன்னாளில் தோல் பதனிட ஆவாரம்பட்டையே பெரிதும் பயன்பட்டது. அப்பட்டையில் துவர்ப்புச் சத்து நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்கு. பின்னர் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டையும், குரோம் உப்பும் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டன. பட்டை உரிப்போர் வரவு நின்றது. செடியையும் நாம் மறந்தோம். பாலாறு கெட்டதும், 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அங்கத்தினர் அறிந்தவையே.

கிணற்று நீரை நம்ப இயலாத விவசாயிகளுக்கு, மழையொன்றையே நம்பி வளரும் ஆவாரையை நாம் பரிந்துரைக்கிறோம். ஆடுமாடுகள் எளிதில் கடிப்பதில்லை. வேலியோரத்திற்கு இவ்வொரு குணமே போதும்! விதைத்தோல் கடினமாதலால், வெந்நீர் ஊற்றி ஓரிரவு ஊறவைத்து, மழைக்காலத் தொடக்கத்தில் விதைக்க வேண்டும்.

ஆவாரம்பூவில் தேன் உண்டெனப் பலரும் கருதுகின்றனர், இல்லை. மகரந்தத்தை நாடிக் கருவண்டுகள் வருகின்றன. மஞ்சளும் வெண்பச்சையுமான பட்டாம்பூச்சிகளோ இலையில் முட்டையிடவே வருகின்றன. ஆகவே பச்சைப் புழுவைக் கண்டதும் மருந்தடிக்கலாகாது. அடித்தால் பட்டாம்பூச்சியுமில்லை, காய் பிடிக்க வண்டுமில்லை. தேனுக்காக அருகில் வெட்சி இரண்டு நடலாம். உண்ணிச்செடி மட்டும் வேண்டா. அது புகுந்தால் நிலம் நம்முடையதன்று.

பொங்கற் காப்புக்கு ஆவாரம்பூவைச் சந்தையில் விலைகொடுத்து வாங்கும் அங்கத்தினரை நம் சுற்றுப்பயணத்தில் காண்கிறோம்.