ரவையும் நீரும் பொறுமையும்



பாஸ்தா என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? கடையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் பொட்டலம்தானே? பிள்ளைகள் ஆசையோடு கேட்கிறார்கள் என்பதற்காக அதை வாங்கி வந்து, கொதிநீரில் கொட்டி, உடன் வரும் மசாலாப் பொடியைத் தூவிக் கொடுத்து விடுகிறோம். ஆனால் இத்தாலியின் தென்பகுதியில் இன்றும் பாஸ்தாவைக் கையால் செய்யும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இயந்திரமோ முட்டையோ தேவையில்லை. ரவை, நீர், பொறுமை ஆகிய மூன்றே போதும்.

அரபு நூல் தரும் சான்று

பாஸ்தாவைச் சீனாவிலிருந்து இத்தாலிக்குக் கொண்டு வந்தவர் மார்க்கோ போலோ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியன்று. அவர் வெனிஸ் நகருக்குத் திரும்பியது 1295ஆம் ஆண்டில். அதற்கு ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்பே, 1154இல், புவியியல் அறிஞர் அல் இத்ரீசி, சிசிலித் தீவை ஆண்ட கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அரபு மொழியில் ஒரு நூலை எழுதி முடித்தார். பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியா என்னும் ஊரில் 'இத்ரிய்யா' என்ற மாவுப் பண்டம் மிகுதியாகச் செய்யப்பட்டதையும், அது கப்பல்களில் முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் அனுப்பப்பட்டதையும் அவர் அந்நூலில் பதிவு செய்துள்ளார்.

அந்த அரபுச் சொல் இன்னும் மறையவில்லை. இத்தாலியின் புலியா மாநிலத்தில் கொண்டைக்கடலையுடன் சமைக்கப்படும் ஒரு பாஸ்தாவுக்கு இன்றும் 'த்ரியா' என்றே பெயர்.

குட்டிக் காதுகள்

அதே புலியாவின் தலைநகர் பாரி. அங்கே பழைய நகரின் குறுகிய தெரு ஒன்றில், பெண்கள் வீட்டு வாசலில் மரப் பலகையை வைத்து 'ஒரெக்கியெத்தே' என்னும் பாஸ்தாவைச் செய்கிறார்கள். அச்சொல்லுக்குக் குட்டிக் காதுகள் என்று பொருள். நீங்களும் அதைச் செய்து பாருங்கள்.

நான்கு பேருக்கு 400 கிராம் ரவை, 200 மில்லி வெதுவெதுப்பான நீர், ஒரு சிட்டிகை உப்பு போதும். டியூரம் என்னும் கடின வகைக் கோதுமையின் மெல்லிய ரவையே இதற்கு உகந்தது. அது கிடைக்காவிடில் மெல்லிய ரவையும் மைதாவும் சரிபாதி கலந்து கொள்ளலாம். நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி, பத்து நிமிடங்கள் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாக இருக்கட்டும். பின்பு ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வையுங்கள். அவசரப்பட்டு இந்த ஓய்வைக் குறைத்து விடாதீர்கள். ரவை நீரை முழுதும் உறிஞ்சி மாவு இளகுவது அந்த நேரத்தில்தான்.

இனி மாவை விரல் பருமனுள்ள கயிறாக உருட்டி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். மழுங்கிய கத்தியின் விளிம்பால் ஒவ்வொரு துண்டையும் அழுத்தியபடி உங்களை நோக்கி இழுங்கள். அது சுருண்டு வரும். அதைக் கட்டைவிரல் நுனியில் மாட்டி உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பினால் சொரசொரப்பான குட்டிக் காது தயார். குழம்பு ஒட்டிக் கொள்வது அந்தச் சொரசொரப்பில்தான். முதல் இருபது கோணலாக வரும். மனம் தளராதீர்கள்.

ரவை தூவிய துணியில் சற்று உலரவிட்டு, உப்பிட்ட கொதிநீரில் வேகவையுங்கள். சில நிமிடங்களில் மேலே மிதந்து வரும். ஒன்றைக் கடித்துப் பார்த்து, மென்மையும் சிறிது உறுதியும் இருக்கும்போது இறக்குங்கள்.

நமக்கும் ஏற்றதே

இத்தாலிய உணவுகள் சிலவற்றில் பன்றி இறைச்சியும் மதுவும் சேர்வதால் நம்மில் பலர் தயங்குவதுண்டு. ஒரெக்கியெத்தேக்குப் பாரி மக்கள் வழக்கமாகச் சேர்ப்பது டர்னிப் கீரை, பூண்டு, மிளகாய், ஆலிவ் எண்ணெய், உப்பிட்ட நெத்திலி மீன் ஆகியவையே. அக்கீரைக்குப் பதிலாகக் கடுகுக் கீரையைப் பயன்படுத்தலாம். கீரையைப் பாஸ்தாவுடன் அதே நீரில் வேகவைப்பது அவர்கள் வழக்கம்.

கைமாறாத கலை

2019ஆம் ஆண்டில் இப்பெண்களின் தொழிலுக்கு ஒரு சோதனை வந்தது. யார் செய்தது என்ற விவரச் சீட்டு இல்லை என்பதால், பாரி நகர உணவகம் ஒன்றில் இருந்த மூன்று கிலோ ஒரெக்கியெத்தேயை அதிகாரிகள் குப்பையில் கொட்ட வைத்தார்கள். உண்பவர் நலனுக்கு விதிமுறை வேண்டியதுதான். ஆயினும் வாசலில் அமர்ந்து பிழைக்கும் பெண்கள் கலங்கிப் போனார்கள்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அவர்களுள் பலர் முதியவர்கள். சிறு வயதில் தாயின் அருகில் அமர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். மாவின் பதத்தை எந்த விவரச் சீட்டும் சொல்லாது. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போக வேண்டும். ஒரு தலைமுறை கற்காமல் விட்டால் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆள் இராது.

நம் வீடுகளிலும் அப்படித்தானே? ஆகவே அடுத்த விடுமுறை நாளில் மாவு பிசையும்போது உங்கள் மகளையும் மகனையும் அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள். அவர்கள் செய்யும் காதுகள் கோணலாக இருந்தால் என்ன? சேர்த்தே வேகவையுங்கள்.