நாரின் வலிமை

திரண்டது வலியது, மெல்லியது மெலிந்தது என்பது உலகோர் பொதுவாகக் கொண்ட கருத்தாகும். ஆயின் கண்ணாடியைப் பொறுத்தவரை இக்கருத்துப் பொருந்துவதில்லை. தடித்த கண்ணாடிக் கோல் சிறு விசைக்கே முறிந்து விழும். அதே கண்ணாடியை மயிரினும் நுண்ணிய நாராக இழுத்தால், இழுவிசையைத் தாங்குவதில் அது சாதாரண உருக்கையும் விஞ்சி நிற்கும். நாரும் பிசினும் கூடிய கூட்டுப்பொருள்களின் தத்துவம் இம்முரண்பாட்டிலேயே அடங்கியுள்ளது.

ஆங்கிலேய அறிஞர் ஏ. ஏ. கிரிபித் 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையில் இதன் காரணத்தை விளக்கினார். ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடிக் கோல், சதுர மில்லிமீற்றர் ஒன்றுக்கு 170 நியூற்றன் அளவான விசையில் அறுந்தது. அதன் முந்நூறில் ஒரு பங்கு விட்டமுடைய நாரோ 3,400 நியூற்றன் அளவுவரை தாங்கியது. பொருளிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புக்களின் முனையில் விசை குவிதலே முறிவுக்குக் காரணம். நுண்ணிய நாரிற் பெரிய வெடிப்புக்கு இடமில்லை. ஆதலின் அது வலிமை பெறுகின்றது.

கண்ணாடி நாரை ஆக்கும் முறை எளிதில் விளங்கத்தக்கது. மணல், சுண்ணாம்புக்கல் முதலியவற்றைக் கொண்ட கலவை, 1,400 பாகை சதம அளவைக்கு மேற்பட்ட வெப்பநிலையில் உருக்கப்படுகின்றது. அவ்வுருகல், பிளாற்றினமும் உரோடியமும் கலந்த உலோகத் தட்டிலுள்ள நுண்டுளைகளின் வழியே வடியும்போது, விரைந்து சுழலும் உருளையால் இழுக்கப்பட்டு நாராகின்றது. நார்கள் ஒன்றோடொன்று உராய்ந்து மேற்பரப்புக் கீறுபடாதிருத்தற்பொருட்டு, உடனேயே அவற்றின்மீது காப்புப்பூச்சு இடப்படும். இலங்கையின் வடகடலில் ஓடும் மீன்பிடிப் படகுகள் பலவும் இந்நாராலும் பிசினாலும் ஆனவையே.

எனினும் வலிமை வேறு, விறைப்பு வேறு. கண்ணாடி நாரின் விறைப்பு உருக்கினதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கேயாகும். இக்குறையைக் காபன் நார் நீக்கியது. 1879ஆம் ஆண்டிலேயே எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி மின்விளக்கின் இழையாகப் பயன்படுத்தினார். ஆயினும் அந்நார் நொய்யது. 1960ஆம் ஆண்டளவில் யப்பானிய அறிஞர் அக்கியோ சிண்டோ, பொலியக்கிரைலோநைத்திரைல் என்னும் செயற்கை நாரிலிருந்து காபன் நாரை ஆக்கினார். சில ஆண்டுகளின் பின் இங்கிலாந்தின் பாண்பரோவில் வில்லியம் வாற்று முதலியோர், அந்நாரைச் சுருங்கவிடாது இழுத்துப்பிடித்தபடி 200 முதல் 300 பாகை வரையிற் காற்றிற் சூடாக்கி, பின்னர் ஒட்சிசன் இல்லாச் சூழலில் 1,000 பாகைக்கு மேற் சூடாக்கினர். நைதரசன் முதலியன வெளியேற, எஞ்சிய காபன் அணுத்தளங்கள் நாரின் நெடுக்கே ஒழுங்குற அமைந்தன. உருக்கின் அடர்த்தியில் நான்கிலொரு பங்கு அடர்த்தியே உடைய இந்நார், நிறைக்கு நிறை ஒப்பிடின் உருக்கினும் ஏறக்குறைய ஐந்து மடங்கு விறைப்பானது.

நாரைத் தனியே கொண்டு உறுப்பு அமைத்தல் இயலாது. பிசின் நார்களைப் பிணைத்து, ஒரு நார் அறுந்தவிடத்து அதன் சுமையை அயல் நார்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. ஆயினும் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே கூட்டுப்பொருள் மெலிந்ததே. இவ்வுண்மையின் விலையை ரோல்ஸ் ரோய்ஸ் நிறுவனம் அறிந்தது. அதன் ஆர்.பி. 211 விமான எஞ்சினுக்கென ஆக்கிய காபன் நார் விசிறியலகுகள், பறவை மோதுஞ் சோதனையில் 1970ஆம் ஆண்டிற் சிதைந்தன. அவற்றுக்கு ஈடாகத் தைத்தேனிய அலகுகள் பொருத்தப்பட்டன. அவ்வெஞ்சினுக்கான செலவு பெருகியமையால் 1971ஆம் ஆண்டில் அந்நிறுவனம் முறிவுற்று, அரசின் கைக்கு மாறியது.

அத்தோல்வியோடு முயற்சி ஒழிந்துவிடவில்லை. 1995ஆம் ஆண்டிற் சேவைக்கு வந்த ஜி.ஈ. 90 எஞ்சினின் விசிறியலகுகள் காபன் நாராலேயே ஆனவை. அவற்றின் முன்விளிம்பு மாத்திரம் மோதலைத் தாங்குதற்பொருட்டுத் தைத்தேனியத்தாற் காக்கப்பட்டது. ஒரு பொருளின் சிறப்பை அறிதலோடமையாது, அதன் எல்லையையும் அறிந்து பயன்படுத்துதலே பொறியியலின் பயனாகும்.