நாயும் பூனையும்: இயல்பு வேறுபாடும் தமிழ் மரபின் பார்வையும்

முன்னுரை

மனிதரோடு இல்லத்தில் உடனுறையும் விலங்குகளுள் நாயும் பூனையும் முதன்மையானவை. நாய் நன்றிக்கும் பூனை கள்ளத்தனத்திற்கும் எடுத்துக்காட்டாக வழக்கில் நிலைபெற்றுள்ளன. இம்மதிப்பீடு நாயை அளவுகோலாகக் கொண்டு பூனையை அளந்ததன் விளைவு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நாய்: குழுவாழ்வின் மரபு

நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வாழ்ந்து, கூடி வேட்டையாடும் விலங்கு. உடனிருப்போரின் குறிப்பறிந்து நடத்தல் அதன் வாழ்வுக்கு இன்றியமையாதது. ஜெர்மனியின் பான்-ஓபர்காசலில் மனித எலும்புகளோடு கிடைத்த, ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமையுடைய நாயெலும்புகள் இவ்வுறவின் தொன்மைக்குச் சான்றாகும். பின்னர் வேட்டை, காவல், மேய்ப்பு ஆகிய தொழில்களுக்கேற்ற நாய்களை மனிதர் தெரிந்தெடுத்துப் பெருக்கினர். இச்சார்பு இலக்கியத்தில் இருவகையாக மதிப்பிடப்படுகிறது. நாலடியார் நட்பின் உறுதிக்கு நாயை உயர்த்திக் காட்டுகிறது. திருவாசகமோ அடியவரின் தாழ்மையைப் புலப்படுத்த அதே நாயை ஆள்கிறது.

பூனை: தனிவாழ்வின் மரபு

வீட்டுப்பூனையின் மூதாதையான காட்டுப்பூனை தனித்து வேட்டையாடுவது. தானியத்தை நாடிய எலிகளைத் தொடர்ந்து அது உழவர் குடியிருப்புகளை அடைந்தது என்பது ஆய்வாளர் கருத்து. சைப்ரஸ் தீவில் மனிதப் புதைகுழியருகே கிடைத்த பூனையின் எலும்புக்கூடு ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழமையுடையது. எலியைப் பிடிக்க ஏவல் வேண்டுவதில்லை. ஆகவே பணிதற்பண்பு பூனையிடம் எதிர்பார்க்கப்படவில்லை. குறுந்தொகையிலும் வெருகு மனைக்கோழியை அச்சுறுத்தும் வேட்டை விலங்காகவே வருகிறது. வெருகைப் பூசை என வழங்குதலைத் தொல்காப்பிய மரபியல் ஏற்பதும் இங்கு எண்ணத்தக்கது.

பற்றும் வெளிப்பாடும்

தனித்தியங்குதல் பற்றின்மை ஆகாது. ஜப்பானில் நிகழ்த்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வொன்றில், பூனைகள் வளர்ப்பவர் குரலைப் பிறர் குரலினின்று வேறுபடுத்தி அறிந்தமை செவி, தலை அசைவுகளால் தெரியவந்தது. ஆயினும் அவை குரலை நோக்கி எழுந்து செல்லவில்லை. அறிதல் உண்டு, நாயைப் போன்ற வெளிப்பாடு இல்லை.

இவ்வேறுபாட்டை உணராமை இரு விலங்குகளுக்கும் தீங்காகிறது. பூனை தன் வலியை மறைக்கும் இயல்புடையது. நோயால் ஒதுங்கிக் கிடப்பதை அதன் இயற்கைக் குணம் என்று விடும்போது மருத்துவம் காலந்தாழ்கிறது. தனித்து விடப்பட்ட நாயின் இடையறாத குரைப்பு, பிரிவுத்துயராகவும் இருக்கக்கூடும். அது குறும்பாகக் கருதப்பட்டுத் தண்டனை பெறுகிறது.

முடிவுரை

வைணவ மரபின் மார்ஜார நியாயம், தாய்ப்பூனை கவ்விச் செல்லத் தன்னை முழுதும் ஒப்படைக்கும் குட்டியை அடைக்கலத்திற்கு உவமையாக்குகிறது. பூனையைக் கள்ளத்தனத்தோடு மட்டும் இணைக்கும் வழக்கினும் இப்பார்வை விரிந்தது. நாயின் பற்று நாடிவருவதில் வெளிப்படுகிறது. பூனையின் பற்று பெரும்பாலும் அஞ்சாது அருகிருப்பதில் வெளிப்படுகிறது. ஒவ்வொன்றையும் அதனதன் மரபால் அறிவதே வளர்ப்போர்க்குரிய கடமையாகும்.