நகராதவர் மட்டும் பதியும் படம்

1838-ல் லூயி டாகேர் பாரிஸ் தெரு ஒன்றை மாடியிலிருந்து படமெடுத்தார். படம் பதிய நிமிடக்கணக்கில் ஆனதால் வண்டிகளும் நடந்துபோனவர்களும் அதில் இல்லை. பூட்ஸுக்குப் பாலிஷ் போட நின்றவரும் போட்டுவிட்டவரும் மட்டும் தெளிவாகத் தெரிகிறார்கள்.

இந்த உத்தியைக் கோவை காந்திபுரம் மேம்பாலத்துக்குக் கீழே கொண்டுவரலாம். முக்காலியில் கேமரா, லென்ஸ் முன்னால் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர், ஐந்து நிமிடம் திறந்த ஷட்டர். பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் மறைந்துபோவார்கள், டூவீலர்கள் ஒளிக்கோடுகளாகும். வீடு இருக்கிற யாரும் படத்தில் இருக்க மாட்டார்கள். தூணோரம் சாக்கு விரித்துப் படுத்திருப்பவர் மட்டும் துல்லியமாகப் பதிவார்.

பகலில் நம் கண்ணுக்குத் தெரியாதவரை ஊரின் நிலையான குடியாகக் காட்டுகிற இந்தப் படம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் முகம்? தூங்குகிறவரால் வேண்டாமென்று சொல்ல முடியாது. சாத்திக்கொள்ள அவருக்குக் கதவும் இல்லை. வீடற்றவர்கள் நிறைந்த நியூயார்க் பவரி பகுதியை 1974-75-ல் படமெடுத்த மார்த்தா ராஸ்லர் ஆட்களையே தவிர்த்தார். மூடிய கடைவாசல்களையும் காலி பாட்டில்களையும் எடுத்து, பக்கத்தில் குடிபோதையைக் குறிக்கும் சொற்களைத் தட்டச்சில் வைத்தார். தமிழ்நாட்டுப் புகைப்படக்காரர் எம். பழனிகுமார் தூய்மைப் பணியாளர்களோடு பல வருஷம் பழகி முகங்களை எடுத்தார். இரண்டும் நேர்மையான வழிகள். ராத்திரியில் ஃபிளாஷ் அடித்துவிட்டுப் போவது அப்படியல்ல.

அரசும் வீடற்றவர்களை ஒரே ராத்திரியில்தான் எண்ணியது. 2011 பிப்ரவரி 28 இரவு நடைபாதை, ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம், பாலத்தடி எல்லாம் தேடியதில் நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர் கணக்கில் வந்தார்கள்.

கோவையில் இந்தக் கதை பாலத்தடியோடு முடிவதில்லை. 2016-ல் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலின் 20 நகரங்களில் கோவையும் இடம்பெற்றது. குளக்கரைகளுக்கு நடைபாதையும் விளக்கும் வந்தன. முத்தண்ணன்குளக் கரை வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கிருந்தவர்கள் மலுமிச்சம்பட்டி, கீரணத்தம் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கூரை கிடைத்தது, பிழைப்பு தூரமானது. வாக்கிங் போகிறவர்களின் காலுக்குக் கீழே யார் வீட்டு அடுப்படி இருந்தது என்பதை ஒரு புகைப்படக்காரர் காட்ட வேண்டும். இடிந்த வீட்டின் பழைய படத்தை அதே இடத்தில் பிடித்து எடுத்தாலே போதும்.

அந்தப் படங்கள் அவிநாசி சாலை கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்துக்குப் போகும் முன்னால் மலுமிச்சம்பட்டி மாடிப்படிகளில் மாட்டப்பட வேண்டும். எது இருக்கலாம், எதைக் கழற்ற வேண்டும் என்று முதலில் சொல்லும் உரிமை அங்கே இருப்பவர்களுக்குத்தான்.