தோணி என்றொரு பூனை

எங்கள் பூனைக்குப் பெயர் வைத்தவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டிய பழைய தண்டல். சாளைத் தலை வைத்த தட்டை நோக்கித் தள்ளாடி வந்த குட்டியைப் பார்த்து, “என்னடே, கொண்டல்ல மாட்டுன தோணி மாதிரில்லா வருது” என்றார். அன்றிலிருந்து அது தோணி.

தோணிக்குச் சிறுமூளை முழுதாக வளரவில்லை. காரணம் பான்லூக்கோபீனியா வைரஸ். வேகமாகப் பிரியும் செல்களைத் தேடித் தாக்குவது அதன் குணம். வளர்ந்த பூனைக்குக் குடலும் எலும்பு மஜ்ஜையும் அடிபடும். சினைப் பூனைக்குத் தொற்றினால், வயிற்றிலுள்ள குட்டியின் வளரும் சிறுமூளை சிக்கிக்கொள்ளும். காலை எவ்வளவு தூக்குவது, எங்கே நிறுத்துவது என்ற கணக்கைப் பார்ப்பது சிறுமூளைதான். கணக்குப் பிசகுவதால், குறி வைக்கும்போதுதான் தோணிக்கு நடுக்கம் கூடும். தட்டை நெருங்க நெருங்கத் தலை ஆடும். தூங்கும்போது துளி அசைவிருக்காது.

இதற்கு மருந்தில்லை. ஆனால் வலியுமில்லை, நாளாக நாளாக முற்றுவதுமில்லை. ஆடும் பலகையில் மீனவர் நிற்பதுபோல் காலை அகட்டி வைத்து நடக்கத் தோணி தானாகவே கற்றுக்கொண்டது. வழுக்கும் தரையில் சாக்கு விரித்தோம், கனமான தட்டு வாங்கினோம், மாடிப்படியை அடைத்தோம். அவ்வளவுதான். பாவம் என்று சொல்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

அதன் குறை உண்மையில் குறையாகத் தெரிந்தது 2023 டிசம்பர் பெருமழையில். துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு என்று விசாரித்துப் பழகிய ஊர் எங்கள் தூத்துக்குடி. கூண்டு சொல்வது புயலையும் காற்றையும். எத்தனை சென்டிமீட்டர் மழை என்று அது சொல்லாது. அன்று வந்தது புயலும் அல்ல, குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட வெறும் வளிமண்டலச் சுழற்சி. அது நகராமல் நிற்க, கீழைக்காற்று வங்கக்கடலின் ஈரத்தை வாரி வாரிக் கொண்டுவந்து ஒரே இடத்தில் கொட்டியது. டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். ஓராண்டில் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி கரை புரண்டது. கோரம்பள்ளம் குளம் உடைந்து ஊருக்குள் வந்தது.

தெருப் பூனைகள் மதிலேறித் தப்பின. தோணிக்கு ஏறத் தெரியாது. தண்ணீர் வாசற்படியைத் தொட்டபோது அது கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்தது. பிளாஸ்டிக் மீன்கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, மாடிக்குத் தூக்கினேன். இரண்டு நாள் அந்தக் கூடைதான் அதற்கு வீடு.

பான்லூக்கோபீனியா வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு. பெட்டைப் பூனை வளர்ப்பவர்கள் சினைப்படும் முன்பே போட்டுவிடுங்கள். சினையானபின் போடப் போகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் விடாதீர்கள்; உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி, குட்டியின் சிறுமூளையை அதேபோல் கெடுத்துவிடக்கூடும். தோணியைப் போன்ற ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தால், ஐப்பசி பிறக்குமுன் மூடியுள்ள கூடை ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.